பஞ்சுக்கைக்காரரின் இடது கை

அந்த மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களைக் கேட்டால் ஒரே ஒருவர்தான் வேலை பார்க்கிறார் என்று சத்தியம் செய்வார்கள். "பஞ்சுக்கை சார் வந்துட்டாரா? அவர் வந்ததும் கூப்பிடுங்க, அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று பேப்பரை விரித்துவிடுவார்கள். மற்ற நான்கு பேரும் வாசலில் நின்று வா வா என்று அழைத்தாலும் பேப்பர் மடங்காது.

பஞ்சுக்கை என்பது நோயாளிகள் வைத்த பெயர். அவர் தொட்டால் வலிக்காது, அவர் நடக்க வைத்தால் பயமே தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். நாற்பத்தாறு வயது, முன்வழுக்கை, சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, இருபத்தொரு வருட அனுபவம். "என் முன்னாடி இதுவரைக்கும் ஒரு பேஷன்ட் விழுந்ததில்ல" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே இதைக் கேட்கும் பாக்கியம் கிடைத்துவிடும்.

அந்த வாக்கியம் முழு உண்மை அல்ல. ஒருவர் விழுந்திருக்கிறார். பஞ்சுக்கை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே கால் இடறி முகவாயைக் கிழித்துக்கொண்டார். அப்போதைய பிரிவுத் தலைவர் அத்தனை பேர் முன்னால் கேட்டார்: "அவர் விழும்போது உன் கை எங்கய்யா போச்சு?" கேட்டவர் மறந்திருப்பார். கேட்கப்பட்டவரின் கை மறக்கவில்லை. அந்த வாத்தியாரைக் கணக்கில் சேர்க்காமல்தான் அவர் மேற்படி பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பிரிவு ஒரு நீண்ட அறை. இடுப்பு உயரத்துக்கு இரண்டு கம்பிகள், அவற்றின் நடுவே நடைபாதை. நான்கு படி ஏறி நான்கு படி இறங்க ஒரு மரப்படிக்கட்டு, அது எங்கும் போய்ச் சேராது. உயரம், நடுத்தரம், தணிவு என்று மூன்று நாற்காலிகள். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. நோயாளி கண்ணாடியைப் பார்த்தபடி நாற்காலியில் உட்காருவார். அவர் இடுப்பில் பின்பக்கம் பிடி வைத்த அகலமான பெல்ட் கட்டியிருக்கும். பஞ்சுக்கை அவருக்குப் பின்னால் இடது ஓரமாக நிற்பார். "எந்திரிங்க. சபாஷ். உக்காருங்க. எந்திரிங்க." நோயாளி எழுவதைக் கண்ணாடியில் இருவரும் பார்த்து மகிழ்வார்கள். யாருடைய உதவியும் இல்லாமல், கையை ஊன்றாமல், ஐந்து தடவை எழுந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். தாளில் 'துணையின்றி எழுகிறார்' என்று எழுதி நீலப் பேனாவால் கையெழுத்துப் போடுவதுதான் அவருக்கு அந்த நாளின் இனிப்பு.

இந்தச் சுகமான வாழ்க்கையில் மண் அள்ளிப் போட வந்தவள் முக்காலி.

அவள் இரண்டு வருடம் முன்பு வேறு ஒரு மருத்துவமனையிலிருந்து வந்து சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். பஞ்சுக்கையைவிடப் பத்து வயது இளையவள். அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்த ஒரு வழக்கத்தை இங்கும் கொண்டுவந்தாள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிசியோவும் இன்னொரு பிசியோ வேலை செய்வதை ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் தாளில் எழுத வேண்டும். 'நன்று', 'சரி', 'தவறு' போன்ற சொற்கள் கூடாது. முடிந்ததும் இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அதிலும் பார்க்கப்பட்டவர்தான் முதலில் பேச வேண்டும். நாற்காலிகள் எல்லாம் நோயாளிகளுக்கே போதாததால் அவள் வீட்டிலிருந்து ஒரு மர முக்காலி எடுத்து வந்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

"நாம என்ன பரீட்சை எழுதுற பசங்களா?" என்று பஞ்சுக்கை தேநீர் நேரத்தில் நக்கலடித்தார். பார்க்கும் முறை வந்தபோது ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் நன்று' என்று எழுதிக் கொடுத்தார். மூன்று பேருக்கும் அதே இரண்டு சொல். முக்காலி அந்த மூன்று தாள்களையும் திருப்பிக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள்.

"சார், 'நன்று'ன்னு எழுதியிருக்கீங்களே, அது எந்தக் கையில இருந்துச்சு, எந்தக் கால்ல இருந்துச்சு?"

பக்கத்தில் மீசைக்காரர் என்ற இன்னொரு பிசியோ இருந்தார். அவருக்குத் தேநீர் புரையேறியது. பஞ்சுக்கை அன்று முழுக்க இருவரோடும் பேசவில்லை.

தன் முறை வந்தபோது ஒரு மாதம் லீவு போட்டுத் தப்பினார். அடுத்த மாதம் மீசைக்காரரோடு முறையை மாற்றிக்கொண்டு தப்பினார். மூன்றாவது மாதம் பிரிவுத் தலைவரே கூப்பிட்டு, "நீங்கதான் சீனியர். நீங்களே ஒதுங்கினா மத்தவங்க எப்படிய்யா உக்காருவாங்க?" என்றார். சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று வந்தார். உண்மையைச் சொன்னால் அன்று காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தார். பார்க்க வருகிறவள் நல்லதாக நாலு விஷயம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற எண்ணம்.

அன்றைய நோயாளி ஒரு லேத் பட்டறைக்காரர். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருந்தார்கள். பஞ்சுக்கை தன் வித்தையை எல்லாம் காட்டினார். சிரிக்க வைத்தார், பயத்தைப் போக்கினார், பத்து தடவை எழுப்பி உட்கார வைத்தார். பட்டறைக்காரர், "சார், இன்னிக்கே ஓடிருவேன் போல" என்று பூரித்தார். மூலையில் முக்காலியின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. பரவாயில்லை, நிறைய எழுதுகிறாளே என்று பஞ்சுக்கை மகிழ்ந்தார்.

பேச உட்கார்ந்ததும், "நான்தானே முதல்ல பேசணும்? நல்லாத்தான் போச்சு. உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார்.

அவள் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே வரி பத்து முறை எழுதப்பட்டிருந்தது. 'எழுந்தார். சிகிச்சையாளரின் இடது கை பெல்ட் பிடியில். பிடி மேல்நோக்கி இழுபட்டது.' அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாம் அதே. கீழே இன்னொரு தாள்: அன்று மாலை பஞ்சுக்கை நோட்டில் எழுதவிருந்ததை அவர் வாயாலேயே பட்டறைக்காரரிடம் சொல்லியிருந்தார், அதையும் அவள் அப்படியே குறித்திருந்தாள். 'பத்து முறை, துணையின்றி.'

"சும்மா பக்கத்துல வெச்சிருப்பேன், பாதுகாப்புக்கு. இழுக்கமாட்டேன்" என்றார் பஞ்சுக்கை.

"சரி சார்."

"உங்க மூலையிலருந்து பாத்தா அப்படித் தெரிஞ்சிருக்கும்."

"இருக்கலாம் சார்." அவள் எழுந்து போய் அந்த பெல்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடுத்தர நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் பேஷன்ட். எழுப்புங்க. நான் 'நில்லுங்க'ன்னு சொல்றப்ப அப்படியே அசையாம நில்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போய் நின்றார். இதைவிடச் சிறுபிள்ளைத்தனம் உண்டா? "எந்திரிங்க" என்றார். அவள் பாதி எழும்போது "நில்லுங்க" என்றாள்.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, அவர் முகம் தெரிந்தது. அவர் கை தெரியவில்லை, அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. குனிந்து பார்த்தார். இடது கை, விரல் மூட்டுகள் வெளுக்க, பெல்ட்டின் பிடியை இறுக்கிப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அதை அங்கே போகச் சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை. இருபத்தொரு வருடமாக அவருக்குத் தெரியாமல் அவர் உடம்பிலேயே ஒருவன் வேலை பார்த்து வந்திருக்கிறான். வேலையை அவன் செய்ய, கையெழுத்தை வலது கை போட்டிருக்கிறது.

முகத்தில் ஈயாடவில்லை. அந்த வேளையில் அவருக்கு முதலில் வந்த நினைப்பு, முக்காலியைப் பற்றியோ பட்டறைக்காரரைப் பற்றியோ அல்ல. தையல்காரம்மாவைப் பற்றி.

தையல்காரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தனியாள். முன்னால் கடை, பின்னால் ஒரு அறை, அதுதான் வீடு. இடது இடுப்பு மூட்டு தேய்ந்து மாற்று மூட்டு வைத்திருந்தார்கள். பஞ்சுக்கைதான் பதினாறு நாள் பயிற்சி கொடுத்தார். அந்த அம்மா ஐந்து தடவை எழுந்தார், இவர் 'துணையின்றி' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுக்குப் போன எட்டாவது நாள், தையல் மிஷினுக்கு முன்னாலிருந்த தணிவான ஸ்டூலிலிருந்து எழும்போது பாதியில் கால் பிடிகொடுக்காமல் பக்கவாட்டில் சரிந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மூன்று வாரமாக மறுபடியும் அதே வார்டு, மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அது மட்டுமென்றால்கூட ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். விழுந்து வந்தவர்களுக்கு அவர்கள் நோட்டிலேயே ஒரு தாள் உண்டு, 'விழுந்ததற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பஞ்சுக்கை தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'நோயாளி அவசரப்பட்டு எழுந்துள்ளார். கவனக்குறைவு.' எழுதியதோடு நிற்காமல் அந்த அம்மாவின் கட்டில் ஓரத்தில் நின்று, "இங்க எவ்வளவு அழகா எந்திரிச்சீங்க! வீட்டுக்குப் போனதும் அப்படி என்னம்மா அவசரம்?" என்று வேறு கேட்டிருந்தார். தையல்காரம்மா போர்வை நுனியைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான் சார்" என்றார்.

அந்தத் தாளை தையல்காரம்மாவின் மகளும் படித்தாள். மகள் ஒரு அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறாள், நான்காவது மாடியில் குடியிருக்கிறாள். தாளில் 'கவனக்குறைவு' என்று இருந்த நாளிலிருந்து தாயை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். கடையைக் காலி செய்துவிட்டு, மிஷினை விற்றுவிட்டு, அம்மாவை மாடிக்குக் கூட்டிப்போவது என்று முடிவு. வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னிலையில் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அன்று புதன்.

"சார்?" என்றாள் முக்காலி. "தண்ணி வேணுமா?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வீட்டில் அன்று மாலை மனைவி கதவைத் திறந்ததும், "ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், எதையும் நேராகக் கேட்டுவிடுவாள். அவர் சோபாவில் உட்கார்ந்து, நடந்ததைச் சுற்றி வளைத்துச் சொன்னார். பாதியில் தான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா என்று அவளிடமே வாதாடவும் செய்தார். ஆபரேஷன் சரியாக ஆகாமல் இருந்திருக்கலாம், ஸ்டூல் ஆடியிருக்கலாம், அந்த அம்மாவுக்குக் கண்ணில் ஏதாவது இருந்திருக்கலாம்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எனக்கு ஜாடி மூடியைக்கூடத் திறக்க விடமாட்டீங்க. கல்யாணமான நாள்லருந்து பாக்கறேன், நான் கையை வெக்கறதுக்குள்ள உங்க கை வந்துடும். எனக்குப் பலம் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது" என்றாள். திட்டிச் சொல்லவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சொல்லுவீங்கள்ல?"

அவர் முகம் கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

வியாழக்கிழமை தையல்காரம்மாவைப் பிரிவுக்கு வரவழைத்தார். மீசைக்காரரைப் பின்னால் நிற்கச் சொன்னார். கை பெல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்க வேண்டும், விழப்போனால் மட்டும் பிடிக்க வேண்டும். தான் எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டார். அப்படிச் செய்யாவிட்டால் அவை எழுந்து ஓடிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"எந்திரிங்கம்மா."

தையல்காரம்மா முன்னால் சாய்ந்தார். எழ முயன்றார். ஒரு விரற்கடை எழும்பி மறுபடி உட்கார்ந்தார். இன்னொரு முறை. இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் எழும் முன் தலையை லேசாக இடது பக்கம் பின்னால் திருப்பினார். பஸ் நிறுத்தத்தில் தெரிந்தவர் வருகிறாரா என்று பார்ப்பதுபோல் இருந்தது அது. அவர் எதைத் தேடுகிறார் என்று பஞ்சுக்கைக்குப் புரிந்தபோது, தொடைக்கு அடியில் செருகிய இடது கை கூசியது.

மீசைக்காரர் பின்னாலிருந்து பார்த்த பார்வையை அவர் சந்திக்கவில்லை. 'ஐந்து முயற்சி. ஒன்றும் இல்லை' என்று எழுதினார். அந்த அம்மாவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். "நாளைக்குப் பேசிக்கலாம்மா" என்று மழுப்பி அனுப்பினார். அந்த மழுப்பலுக்கும் சேர்த்துத்தான் பிறகு வெட்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமை சின்ன அறையில் ஐந்து பேர். ஆபரேஷன் செய்த டாக்டர், மகள், சக்கர நாற்காலியில் தையல்காரம்மா, பஞ்சுக்கை, முக்காலி. மகள் கையில் அந்தத் தாளின் நகல் இருந்தது. "டாக்டர், இங்க நல்லா எந்திரிச்சவங்கதான். வீட்டுக்கு வந்து சொல்பேச்சு கேக்காம விழுந்துட்டாங்க. இவங்களைத் தனியா விடவே முடியாது. நான் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். தையல்காரம்மா மாவுக்கட்டின் மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக, "கடையில பாதித் துணி வெட்டினபடி கெடக்குடி" என்றார். "அம்மா, சும்மா இரு" என்றாள் மகள்.

டாக்டர் பஞ்சுக்கையைப் பார்த்தார். "உங்க கருத்து?"

பஞ்சுக்கை தயாராகத்தான் வந்திருந்தார், ஆனால் தயாரித்தது நழுவுவதற்கான பாதை. "முந்தைய மதிப்பீட்டில், உதவியின் அளவைப் பதிவு செய்வதில், சிறிய வேறுபாடு ஒன்று..." என்று ஆரம்பித்தார். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். மகள், "என்ன சொல்றீங்க? புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள். முக்காலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

"அவங்க எந்திரிக்கல" என்றார் பஞ்சுக்கை. குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "நான் தூக்கினேன். பின்னாலருந்து பெல்ட்டைப் பிடிச்சுத் தூக்கியிருக்கேன், ஒவ்வொரு தடவையும். தூக்கறேன்னு எனக்கே தெரியல. புதன்கிழமைதான் தெரிஞ்சுது. தானா எந்திரிக்கறாங்கன்னு எழுதி அனுப்பிட்டேன். வீட்டுல என் கை இல்ல. அதனாலதான் விழுந்தாங்க. கவனக்குறைவுன்னு நான் எழுதினது பொய். அது அவங்க கவனக்குறைவு இல்ல."

அறைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள், அது போய் முடியும்வரை சத்தம் கேட்டது. மகள் அந்த நகலை மேஜையில் வைத்தாள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது.

"மூணு வாரமா எங்கம்மாவை நான் என்னென்ன பேசியிருக்கேன்னு தெரியுமா உங்களுக்கு? சாப்பாடு ஊட்டிக்கிட்டே திட்டியிருக்கேன் சார். உங்க எழுத்தைக் காட்டிக் காட்டித் திட்டியிருக்கேன்."

அவரால் தலை நிமிர முடியவில்லை. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டார், அது அந்த அறையில் எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை. கடைசியில் டாக்டர்தான் பேசினார். மூட்டு சரியாக இருக்கிறது, தொடையில்தான் பலம் இல்லை, அதை ஏற்றிவிட முடியும், ஆறு வாரம் பார்க்கலாம் என்றார். மகள் எழுந்தாள். "ஆறு வாரம் கழிச்சு நான் வருவேன். கடையில இருக்கற அதே ஸ்டூலை எடுத்துட்டு வருவேன். யார் கையும் படாம மூணு தடவை எந்திரிக்கணும். இல்லேன்னா அன்னிக்கே கடைச் சாவியை ஓனர்கிட்டக் கொடுத்துடுவேன்."

வார்டுக்குத் திரும்பும்போது சக்கர நாற்காலியைப் பஞ்சுக்கையே தள்ளினார். தையல்காரம்மாவின் முகம் அவருக்குத் தெரியவில்லை, உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. நீளமான நடைபாதை. பாதி தூரத்தில் அந்த அம்மா சொன்னார்:

"எனக்குத் தெரியும் சார்."

"என்னம்மா?"

"நீங்க தூக்கறது. முப்பத்தஞ்சு வருஷமாத் துணி தைக்கறேன். இடுப்புல எங்க இழுக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

நாற்காலி நின்றது. அவர்தான் நிறுத்தினார், ஏன் நிறுத்தினோம் என்று தெரியாமல்.

"மொதல்ல அதுதான் உங்க முறைன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க 'துணையின்றி'ன்னு எழுதினப்ப புரிஞ்சுது. ஆனா உங்க மொகத்துல அவ்வளவு சந்தோஷம். பக்கத்துப் படுக்கைக்காரங்ககிட்டல்லாம் காட்டி, 'பாருங்க, இந்தம்மாவைப் பாத்துக் கத்துக்குங்க'ன்னு சொன்னீங்க. அப்ப போய் எப்படி சார் சொல்றது? வீட்டுல போய்ப் பழகிக்கலாம்னு கெளம்பிட்டேன்."

"நான் கவனக்குறைவுன்னு எழுதினப்பவாவது..."

"அதையும் படிச்சேன்." அந்த அம்மா கொஞ்சம் நிறுத்தினார். "அது மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

அவர் நாற்காலியை மறுபடி தள்ளினார். இருபத்தொரு வருடத்தில் அவர் எத்தனையோ பேரைத் தாங்கியதாக எண்ணிக்கொண்டிருந்தார். இந்தப் பெண்மணி கை முறிந்து கிடந்த நிலையில், மூன்று வாரமாக அவரைத் தாங்கியிருக்கிறார். வெட்கம் என்றால் என்ன என்று அந்த நடைபாதையில்தான் அவர் முழுசாகத் தெரிந்துகொண்டார். கட்டிலில் உட்கார வைக்கும்போதுகூட அந்த அம்மாவின் கண்ணை அவரால் பார்க்க முடியவில்லை.

அந்த மருத்துவமனையில் நோயாளியின் நோட்டில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது. தவறென்றால் குறுக்கே ஒரே ஒரு கோடு போட வேண்டும், கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து வேண்டும். பஞ்சுக்கை கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் 'கவனக்குறைவு' நன்றாகவே தெரிந்தது. அவர் கையெழுத்து அவ்வளவு தெளிவு.

பிறகு, கடந்த ஆறு மாதத்தில் தான் வீட்டுக்கு அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு மதிய இடைவேளைகளில் ஒவ்வொருவராகப் போன் செய்தார். "எப்படி இருக்கீங்க? நாற்காலியிலருந்து எந்திரிக்கறீங்களா?" பெரும்பாலானோர் நன்றாக இருந்தார்கள், அவர் குரலைக் கேட்டுக் குதூகலித்தார்கள். இருவர் விழுந்திருந்தார்கள். பெரிய அடி இல்லை. அவர்களில் ஒருவர், "உங்க பேரைக் கெடுத்துட்டேன் சார், நான்தான் சரியாப் பண்ணல" என்றார். பஞ்சுக்கை இருவரையும் திரும்ப வரச் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை முக்காலியிடம் போய், "இனி வாரா வாரம் என்னைப் பாருங்க" என்றார். அவள் பார்த்தாள், எழுதினாள். முதல் வாரம் கை ஆறு முறை போயிருந்தது. இரண்டாம் வாரம் நான்கு. மூன்றாம் வாரம் மறுபடி ஏழு. அன்று பட்டறைக்காரர் லேசாகத் தள்ளாடியதில் பழைய பயம் வந்துவிட்டது. தாளைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்தில் பேனாவைத் தூக்கி மேஜையில் எறிந்தார். "வராது மேடம், எனக்கு இது வராது." முக்காலி பேனாவை எடுத்துக் கொடுத்து, "நான் பேஷன்ட்கிட்டப் பேசும்போது கடிகாரத்தையே பாக்கறேனாம். போன வாரம் மீசை சார் பதினாலு தடவைன்னு எழுதிக் குடுத்தாரு. வீட்டுக்குப் போய் அழுதேன்" என்றாள். பஞ்சுக்கைக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் பேனாவை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் பார்க்கும் முறை அவருடையது. மீசைக்காரர் வேலை செய்ய, இவர் அந்த மர முக்காலியில் முழுப் பயிற்சி நேரமும் உட்கார்ந்திருந்து இரண்டு பக்கம் எழுதினார். 'நன்று' ஒரு இடத்திலும் இல்லை.

தையல்காரம்மா தினமும் வந்தார். முதலில் உயரமான நாற்காலி, பிறகு நடுத்தரம், பிறகு தணிவு. பஞ்சுக்கை எதிரே, கைகள் தொடைக்கடியில். எழ முடியாத நாட்களில் அந்த அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்து, எதிரே இருப்பவரைப் பார்த்து, "உங்களுக்குத்தான் சார் ரொம்பக் கஷ்டமா இருக்கு போல" என்பார். உண்மைதான். உதவாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவர் உடம்புக்குத் தெரியாத வேலையாக இருந்தது. வியர்த்தார். ஆனால் நான்காவது வாரம் தையல்காரம்மாவின் தலை இடது பக்கம் திரும்புவது நின்றது.

ஆறாவது வாரம் சொன்னபடி மகள் வந்தாள். தோளில் அந்த ஸ்டூல். உட்காரும் இடம் தேய்ந்து பளபளத்தது, ஒரு ஓரத்தில் நூல் சுற்றியிருந்தது. அதைக் கண்ணாடிக்கு முன் வைத்தார்கள். மீசைக்காரர் பின்னால், ஒரு சாண் தள்ளி. முக்காலி மூலையில். பஞ்சுக்கை எதிரே உட்கார்ந்து கைகளைச் செருகினார். மகள் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவைக்கூடப் பார்க்கவில்லை.

முதல் முயற்சியில் தையல்காரம்மா பாதி எழுந்து திரும்ப உட்கார்ந்துவிட்டார். பஞ்சுக்கையின் தோள்கள் முன்னால் பாய்ந்தன, கைகள் பாயவில்லை. "ஒண்ணுமில்ல, கால் சரியா வெக்கல" என்றார் அந்த அம்மா. பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்தார், மிஷின் பெடலில் வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்து வைத்தார். எழுந்தார். நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மூன்றாவது முறை எழும்போது தொடை நடுங்கியது, எழுந்தேவிட்டார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரம்மா நின்றபடியே, "கையை எடுங்க சார். மரத்துப்போயிருக்கும்" என்றார்.

எடுத்தார். உண்மையிலேயே மரத்துப்போயிருந்தன. நோட்டை விரித்தார், நீலப் பேனா விரலில் நிற்காமல் விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. மகள் குனிந்து அதை எடுத்தாள். "சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது. எந்தப் பக்கம் என்று பஞ்சுக்கைக்குப் பார்க்காமலே தெரிந்தது. குறுக்கே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் அந்தச் சொல். அவர் முகம் மறுபடியும் எரிந்தது.

"திருப்புடி" என்றார் தையல்காரம்மா. "வெள்ளைப் பக்கம் பின்னாடி இருக்கு."

மகள் திருப்பினாள். பஞ்சுக்கை மரத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், அவள் எழுதினாள்: 'கடை ஸ்டூல். நான்கு முயற்சி, மூன்று முறை எழுந்தார். யாருடைய கையும் இல்லை.' எழுதி முடித்து, கையெழுத்துக்காக நோட்டை அவரிடம் நீட்டினாள். பேனா விரலில் நிற்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.